கட்டியக்காரனின் அக்கா

எங்கள் ஊரில் கூத்துக் களரியில் ஒருமுறை ஏறி இறங்கியவனுக்கு அதற்குப் பிறகு சொந்தப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் இருக்கும். கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். மற்றப்படி எந்த வேஷம் கட்டினானோ அதுதான் அவன். மந்திரியாக ஆடியவர் தலை நரைத்து, மீன் வியாபாரம் செய்து, பேரப்பிள்ளை கண்ட பிறகும் சந்தியில் நின்று ஒருவன் கூப்பிடுவான்: "மந்திரி, இண்டைக்குச் சுறா கிடக்கா?" அவரும் திரும்பிப் பார்ப்பார்.

உயர்தரம் படித்துக்கொண்டிருந்த வருஷம் கோயில் கூத்தில் எனக்கு ராசா வேஷம் கிடைத்தது. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த கூட்டாளிக்குக் கட்டியக்காரன். ராசா வருகிறார் என்று முன்னால் ஓடிவந்து கட்டியம் சொல்பவன்; சொல்லுகிற சாட்டில் அந்த ராசாவையே பகிடி பண்ணிவிட்டுப் போகிறவன். கூத்து முடிந்து விடிந்ததிலிருந்து நான் ராசா, அவன் கட்டியக்காரன். கடையில் சீனி வாங்கப் போனாலும் அப்படித்தான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. கிரீடம் வைத்தவன் அழுவதுதான் நடிப்பு, மற்றதெல்லாம் அவன் மூச்சு வாங்குவதற்கு விடுகிற இடைவேளை என்று நான் நம்பியிருந்தேன்.

அவனுக்குத் தகப்பன் இல்லை. தாயும், தையல் தைத்து அவனைப் படிப்பித்த அக்காவும்தான். வீடு கடல் பக்கம். எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு துண்டு மணல். அவர்கள் வீட்டிலிருந்து கடல் எவ்வளவு கிட்டவோ அவ்வளவு கிட்ட எங்கள் வீட்டிலிருந்து வாவி. கடல் எழும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் என்னோடு இருந்தான். அக்கா ஒரு கலியாண வீட்டுச் சட்டையைக் கொடுக்க வாவிக்கு அங்கால் உள்ள ஊருக்குப் போயிருந்தாள். தாய் மட்டும் வீட்டில். தண்ணீர் அவளை வீட்டோடு தூக்கி, தெருவைக் கடத்தி, வாவிக்குள் கொண்டுபோய்ப் போட்டது. தோணிக்காரர் இரண்டு பேர் இழுத்தெடுத்தார்கள். பிழைத்தாள். ஆனால் பேச்சு குறைந்துபோனது. மாமி என்று நான் கூப்பிடுவேன், அவள் "ஓம்" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வர நாட்கணக்காகும்.

ஊரில் யார் யார் போனார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதத் தொடங்கினால் நடிப்பைப் பற்றி எழுத முடியாது.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். ஒரு தொண்டு நிறுவனத்தின் வெள்ளை வாகனம் எங்களைத் தேடி வந்தது. முகாம்களில் இருக்கும் சனத்துக்கு நாடகம் போட வேண்டும். இரண்டு நிபந்தனை. கடலைக் காட்டக்கூடாது, தண்ணீர் என்ற சொல்லே வரக்கூடாது. நான் துள்ளிக் குதித்தேன். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கிடைத்து, நாடகமும் அரங்கியலும் படிக்கலாம் என்று காத்திருந்த காலம் அது. உடனே உட்கார்ந்து ஒரு கதை எழுதினேன். ராசா வேட்டைக்குப் போகிறார். திரும்பி வந்தால் நகரம் இல்லை. நடுக்களத்தில் நின்று கேட்கிறார்: "என் நகரம் எங்கே?" நான் ராசா, அவன் கட்டியக்காரன், மத்தளத்துக்கு ஒருவர், சல்லாரித் தாளத்துக்கு ஒருவர். உடுப்புத் தைக்க அக்காவும் எங்களோடு வாகனத்தில் ஏறிவிட்டாள்.

முதல் முகாம் சித்தாண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறைகளைச் சேலையால் மறித்துக் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். நான் களத்துக்குள் வந்து நாலு பக்கமும் பார்த்தேன். பார்த்தது மட்டும்தான். முன்னால் இருந்த ஒரு மனிசி வாய்விட்டு அழத் தொடங்கினாள். நான் முதல் வசனத்தைச் சொல்லி முடிக்குமுன் முகாம் முழுக்க அழுதது. எனக்குப் புல்லரித்தது. இருபது வயதில் வேறு என்னதான் நடக்கும்?

அடுத்தது அவனுடைய முறை. எங்கள் கோயில் களரியில் சனம் உருண்டு சிரித்த இடம். ராசா வருகிறார் வருகிறார் என்று கட்டியம் சொல்லிக்கொண்டே வாங்கில் ஏறுவான், நுனிக்குப் போவான், வாங்கு மறுபக்கம் எழும்பும், விழுவான். அன்றும் சரியாக விழுந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஓரத்தில் இருந்த வயதான ஒருவர் எழும்பி ஓடிவந்து அவனைத் தூக்கினார்.

"விழுந்திட்டியா மனே? தலை அடிபடல்லயே?"

"இல்ல அப்பு, இது ஆட்டம்."

"இரி, இரி. எழும்பாத. ஆராவது ஒரு துணி கொண்டு வாங்க கா!"

இரண்டு பெண்கள் துணியோடு வந்தார்கள். ஒருத்தி அவனுடைய முழங்காலைத் தடவினாள். கட்டியக்காரன் உடுப்போடு, குஞ்சம் வைத்த தொப்பியோடு அவன் தரையில் உட்கார்ந்திருக்க, நாலு பேர் சுற்றி நின்று அவனுக்கு விசிறினார்கள். மத்தளக்காரர் அடிப்பதா விடுவதா என்று என்னைப் பார்த்தார். நான் கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பி வருகையில் வாகனத்துக்குள் சண்டை.

"ராசா, நீ இண்டைக்கு என்ன செஞ்சாய் எண்டு நினைக்கிறாய்?"

"ஏன், சனம் முழுக்க அழுதிச்சே."

"உன்னப் பாத்தா அழுதிச்சு? நான் பின்னால நிண்டு பாத்தனான். ஒருத்தரும் உன்னப் பாக்கல்ல. உன்ட வயித்துக்குள்ளால பூந்து அங்கால பாக்காங்க. அவங்கட வீட்டப் பாக்காங்க. நீ வெறும் யன்னல் மச்சான்."

"பொறாமையில கதைக்காத."

"பொறாமதான். என்னத் தூக்க வந்த அப்பு என்ன நல்லாப் பாத்தார். நான் விழுந்ததப் பாத்தார். அவருக்கு நான் யன்னல் இல்ல. அதுவும் பிழையாப் போச்சு."

பின்சீற்றில் இருந்த அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பேரும் வாயப் பொத்துங்கடா. கிரீடத்தில குண்டுமணி மூண்டு கழண்டு போச்சு, அதப் பாருங்க முதல்ல."

அவன் சொன்னது என்னைக் குத்தியது. ஆனால் பிடித்தும் இருந்தது. நான் அதை இழுத்துக்கொண்டு போனேன். சோகத்தை நடிப்பவன் தன்னை மெல்லியதாக்கிக் கொள்ள வேண்டும், பார்க்கிறவனுடைய நினைவு தடைப்படாமல் ஊடே போக வேண்டும். பகிடிக்காரன் நேரெதிர். அவன் தடித்து நிற்க வேண்டும். பார்க்கிறவன் தன் வீட்டை, தன் பிணத்தை, நாளைக்குச் சோற்றுக்கு நிற்கிற வரிசையை மறந்து, இவனுடைய மூக்கை, இவனுடைய தொப்பியை, இவன் எடுத்து வைக்கிற காலை மட்டும் பார்க்க வேண்டும். பார்த்தாலும் இரக்கப்படக்கூடாது. இரக்கம் வந்தால் எழும்பி வந்து தூக்கிவிடுவார்கள். பிறகு பல்கலைக்கழகத்தில் எத்தனையோ வாசித்தேன். அந்த வாகனத்தில் நாங்கள் கத்திக்கொண்டு வந்ததற்குக் கிட்டவும் எதுவும் வரவில்லை என்று இன்றைக்கும் வாதாடுவேன்.

இரண்டாவது முகாமிலும் சிரிப்பில்லை. விழுவதை விட்டுவிட்டான். "இப்ப விழுறது பகிடி இல்ல மச்சான்" என்றான். மூன்றாவது முகாம் வாழைச்சேனைப் பக்கம். அங்கே காலையும் மத்தியானமும் இரவும் பருப்புத்தான் என்று சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவன் அதைக் காதில் போட்டுக்கொண்டான். களத்துக்கு வந்ததும் கட்டியக்காரனுடைய நீட்டி முழக்கும் குரலில், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் தொடங்கினான்:

"மண்டலம் ஆளும் மகாராசா வருகிறார்! வருகிற வழியில் ஒரு வரிசை கண்டு நின்றுவிட்டார்! வரிசையில் காலையில் பருப்பு! நடுப்பகலில் பருப்புக்குத் தம்பி! இரவுக்கு... இரவுக்கு..." என்று நிறுத்தி, தட்டைத் தூக்கி உற்றுப் பார்த்து, தொப்பியைக் கழற்றி மரியாதை செய்து, "பருப்பின் பெரியப்பா!"

பெண்களுக்கு நடுவிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மூக்கால் புறப்பட்டு, அடக்கப் பார்த்து, முடியாமல் வாயால் உடைகிற சிரிப்பு. அது அக்கா. அவள் சிரித்த பிறகு பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். பிறகு ஒரு கிழவர். பிறகு முகாம். அவ்வளவு சத்தத்தை அந்தப் பள்ளிக்கூடம் பிள்ளைகள் படித்த காலத்திலும் கேட்டிருக்காது.

அதற்குப் பிறகு அக்காவைச் சபைக்குள் இருத்துவதே எங்கள் வழக்கமாகிவிட்டது. முன்வரிசையில் அல்ல, நடுவில். முதல் சிரிப்பு முந்தினால் சனம் திரும்பி முறைக்கும். பிந்தினால் பகிடி செத்துவிடும். அவளுடையது ஒருநாளும் முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. பகிடியில் பாதியை அவன் களத்தில் நடித்தான், மீதியை அவள் பாயில் இருந்துகொண்டு நடித்தாள் என்று நான் கணக்குப் போட்டுவைத்திருந்தேன். ஒருநாள் கேட்டும் பார்த்தேன்.

"அக்கா, எந்த இடத்தில சிரிக்கோணும் எண்டு எண்ணி வச்சா சிரிக்கிறீங்க?"

"எண்ணுறதா? போடா. எனக்கு உண்மையாச் சிரிப்பு வருகுது. அவன்ட மூஞ்சக் கண்டாலே வருகுது. சின்னனில இருந்து அப்பிடித்தான். அம்மா அடிச்சு அவன் அழக்குள்ளயும் நான் சிரிச்சு, மறுகா எனக்கும் அடி விழும்."

முகாம்களுக்கு நிவாரணச் சாமான் ஏற்றி வந்த லொறியின் ஓட்டுநர் முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். அமைதியானவர். சிரிக்கவைத்தாலும் சிரிக்காத மனிதர். அவரை அக்காவுக்குப் பிடித்துப்போனது. அடுத்த வருஷம் கலியாணம் முடித்துக்கொண்டு வன்னிக்குப் போனாள். போன சில மாதங்களில் பாதை பூட்டப்பட்டது. பிறகு சண்டை. தொலைபேசியில் எப்போதாவது குரல் வரும். "எல்லாரும் சுகம்" என்பாள். பின்னால் ஏதோ இடிக்கிற சத்தம் கேட்கும். யுத்தத்தின் கடைசி மாதங்களில் அதுவும் நின்றது.

யுத்தம் முடிந்த அன்று பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். அவன் அடுத்த நாளே வவுனியாவுக்கு பஸ் ஏறினான். முகாம் வேலிகளுக்கு வெளியே நின்று உள்ளே போகிறவர்களிடமும் வருகிறவர்களிடமும் அக்காவின் கலியாணப் படத்தைக் காட்டினான். ஒருத்தி கண்டேன் என்றாள். இன்னொருத்தி அது வேறு ஆள் என்றாள். லொறிக்காரரையும் ஒருவரும் காணவில்லை. பலமுறை போய் வந்தான். கடைசியில் போகாமல் விட்டான்.

அப்போதுதான் அவனுக்கு ஒன்று விளங்கத் தொடங்கியது, எனக்கும். அவன் சொன்னால் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை. நம்பவில்லை என்பதும் சரியில்லை. நம்புகிறார்கள், ஆனால் முகம் முந்திக்கொள்கிறது. கிராம சேவகர் "வா கட்டியக்காரா" என்று சிரித்தபடி கதிரையைக் காட்டுவார். "அக்காவக் காணல்ல சேர்" என்று அவன் தொடங்கினால், கேட்கிறவர் மீதிப் பகிடிக்காகக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். இல்லை என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு அவசரமாக ஏதோ எழுதுவார். அவனுக்குச் சோகம் வந்தால் இடது புருவம் தனியாக மேலே போகும். பிறவியிலேயே அப்படி. கட்டியக்காரனுக்காகச் செய்தது அல்ல. ஆனால் ஊர் அந்தப் புருவத்தைக் களரியில்தான் முதலில் கவனித்தது. அதற்குப் பிறகு அது ஊருடைய புருவம்.

மாமியால் கதைக்க முடியாது. அவர்களுக்கு வேறு ஆள் இல்லை. காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க ஒரு குழு பட்டணத்துக்கு வருகிறது என்று அறிவித்தபோது, அவள் சார்பில் போய்ச் சொல்ல வேண்டியவன் அவன்தான். சொல்லிக் காட்டி, அந்த மேசைக்குப் பின்னால் இருக்கிறவர்களை நம்பவைத்தால் எங்காவது தேடுவார்கள். அவனுக்கு அது மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

முந்தின வாரம் என்னிடம் வந்தான். தோணிகள் கட்டுகிற துறையில் நின்றோம்.

"ராசா, எனக்கு அழப் பழக்கித் தா."

"விசரா உனக்கு? போய் நடந்ததச் சொல்லு."

"நடந்ததச் சொன்னாத்தானே மச்சான் சிரிக்காங்க. நீ செய்யிற மாதிரிச் செய்யோணும். யன்னல் மாதிரி. என்னப் பாக்கக்கூடா, அக்காவப் பாக்கோணும்."

நான் அதற்குள் நாடகத்தில் சிறப்புப் பட்டம் எடுத்தவன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் காட்டினேன். கண்ணைத் தாழ்த்து. இமை கொட்டாதே. பெயரைச் சொல்லும்போது நடுவில் மூச்சை நிறுத்து. கையைச் சும்மா தொங்கவிடு, ஒன்றும் செய்யாதே. சோகத்தில் பாதி, ஒன்றும் செய்யாமல் நிற்பதுதான். அவன் ஒவ்வொன்றாகச் செய்தான். கவனமாக, பிள்ளைகள் அரிச்சுவடி எழுதுவதுபோல. பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, மேசைக்கு முன்னால் நிற்பதாக நினைத்து, "என்ட அக்கா..." என்று தொடங்கி மூச்சை நிறுத்தினான்.

இடது புருவம் எழும்பியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிச்சிட்டாய்."

"இல்லடா, இருமல்."

"நீயும் சிரிச்சிட்டாய் ராசா" என்றான். கோபமில்லை. வாவிக்குள் ஒரு கல்லை எறிந்துவிட்டு, "திரும்ப ஒருக்காச் செய்யிறன். பாத்துச் சொல்லு" என்றான்.

குழு கூடிய மண்டபத்தில் வெயில் ஏற ஏறச் சனம் நிரம்பியது. பெரும்பாலும் பெண்கள். மடியில் படங்கள். சிலர் அழுதார்கள், சிலர் அழுது முடித்திருந்தார்கள். மேசையில் கொழும்பிலிருந்து வந்த பெரியவர்கள், பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிட்டவர் எங்கள் ஊர்க்காரர், தொண்டராக வந்தவர். நல்ல மனிதர். கையில் இருந்த தாளில் முழுப்பெயர் இருந்தது. அதைப் பார்த்தார், நிமிர்ந்து மாமியோடு நின்ற எங்களைப் பார்த்தார். வாய் பழக்கத்தில் போய்விட்டது.

"டேய் கட்டியக்காரா, உன்ட முறைடா! வா!"

முகாம்களில் அவனைப் பார்த்தவர்கள் அந்த மண்டபம் நிறைய இருந்தார்கள். "அட, அந்தப் பொடியன்டி" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைத் தட்டினாள். சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி மண்டபம் முழுக்க ஓடியது. படங்களை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எத்தனை மாதத்துக்குப் பிறகு சிரித்தார்களோ. கூப்பிட்டவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

மேசையில் இருந்தவர் மொழிபெயர்ப்பாளரிடம் குனிந்து என்னவென்று கேட்டார். அவர் விளக்கினார். பெரியவர் முகம் மலர்ந்து அவனைப் பார்த்தார். அந்த மலர்ச்சி கடைசிவரை போகவில்லை. அவன் கண்ணைத் தாழ்த்தினான். மூச்சை நிறுத்தினான். பிறகு நான் பழக்கியது எல்லாம் எங்கோ போய், அவன் உண்மையாக அழுதான். மூக்கு ஒழுக, தோள் குலுங்க, தட்டுத்தடுமாறி. அப்படி ஒருநாளும் நான் அவனைக் கண்டதில்லை. பெரியவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முடிந்ததும் ஏதோ சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கினார். "உங்கட நாடகத்த ஒருநாள் பாக்கோணுமாம்" என்றார்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரச் சொல்லுங்க" என்றான்.

பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீற்றில் நெருங்கி இருந்தோம். மாமி யன்னலோரம்.  ஊரில் இறங்கிய பிறகு அவன் சொன்னான்.

"அடுத்த முறை நீ போ."

"நான் என்னெண்டு?"

"தம்பி எண்டு சொல்லு. உன்ன ராசா எண்டு ஆரும் கூப்பிட்டா அவங்க எழும்பித்தான் நிப்பாங்க. உன்னக் கண்டு சிரிக்க மாட்டாங்க. நான் பின்னால இரிக்கன்."

வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவனுடைய முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு வாழைச்சேனையில் வேறு ஆட்களோடு இன்னொரு அமர்வு வந்தது. மாமியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் மேசைக்குப் போனேன். அவன் பின்வரிசை வாங்கு ஒன்றில், வாயில் ஒரு லேஞ்சுத் துணியைப் பொத்திக்கொண்டு இருந்தான். மாமியின் அடையாள அட்டை எண்ணை மட்டும் எழுதிக்கொண்டார்கள். மேசையில் இருந்த அம்மா, கண்ணாடி போட்ட மெலிந்த மனிசி, மாமியிடம் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டாள்.

"இவர் உங்கட மகனா?"

மாமி என்னைப் பார்த்தாள். பின்னால் திரும்பினாள்.  "ஓம்" என்றாள்.

நான் தொடங்கினேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி நடித்ததில்லை. நடித்தேன் என்று எழுதக் கை கூசுகிறது. அக்கா எனக்கும் அக்காதான், என் கிரீடத்துக்குக் குண்டுமணி தைத்தவள். ஆனால் எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அந்த இடத்தில் உடைந்தது. மொழிபெயர்ப்பாளர் நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். கண்ணாடிக்கார அம்மா பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி யாரையோ பார்த்தாள். அது அக்காவாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். பிறகு ஒரு கேள்வி வந்தது.

"அக்காவிட உடம்பில அடையாளம் ஏதும் இருக்கா? தழும்பு, மச்சம்?"

எனக்குத் தெரியாது.

அழுகை தொண்டையில் தயாராக நின்றது. பதில் சொல்லாமல் அதை வெளியே விட்டேன். கண்ணாடிக்கார அம்மா கையை உயர்த்தி, காணும், போதும் என்று சைகை காட்டினாள். மொழிபெயர்ப்பாளர் என் தோளில் தட்டினார். எழுதிக்கொண்டிருந்தவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மாமியின் உதடு அசைந்ததுபோல இருந்தது. அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்து வாசல் படலையைத் தாண்டி நிழலில் நின்றோம். அவன் என்னைக் கட்டிப்பிடித்தான்.

"நம்பிட்டாங்க மச்சான். நான் பாத்தன். அந்த மனிசி நம்பிட்டா." பிறகு, "என்ன கேட்டவ கடைசியா? எனக்குக் கேக்கல்ல."

"அடையாளம் இருக்கா எண்டு."

"சொல்லிட்டியா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"இடது கைச் சுட்டுவிரல்டா. மெசின் ஊசி ஏறி நகம் ரெண்டாப் பிளந்து வளர்ந்தது. ஆரும் பாத்தாச் சட்டெண்டு தெரியும். செத்துக் கிடந்தாலும் தெரியும்." என் சேர்ட்டைப் பிடித்தான். "வா. போய்ச் சொல்லிற்று வருவம்."

படலையில் காவலுக்கு நின்றவர் வாழைச்சேனை ஆள். வெளியே வந்தவர்கள் திரும்ப உள்ளே போகக்கூடாது என்று அவருக்கு உத்தரவு. அவனைக் கண்டதும் அவருடைய முகம் விரிந்தது.

"ஆரிது? எங்கட கட்டியக்காரன்! உள்ள என்ன அலுவல்?"

"ஒரு நகம் சொல்ல விட்டுப்போச்சு அண்ண. அதச் சொல்லிற்று வந்திருவம்."

அவர் சிரித்தார். வரிசையில் நின்ற பெண்களும் சிரித்தார்கள்.

"நகம் மட்டும்தானா? பல்லு, முடி ஒண்டும் விட்டுப்போகல்லயா?"

அவனுடைய புருவம் எழும்பியது. "இல்ல அண்ண. நகம் மட்டும்தான்."

சிரிப்பு இன்னும் கூடியது. நான் முன்னால் போய் விளக்கப் பார்த்தேன். "தம்பி, நீங்க அழுததக் கேட்டன், பாவம், வீட்ட போங்க" என்று என்னை மரியாதையாக விலக்கினார். மாமி என் கையை விட்டுவிட்டுப் படலைக்குக் கிட்டப் போனாள். இடது சுட்டுவிரலைக் கம்பிகளுக்கு ஊடே நீட்டி, மற்றக் கையால் நகத்தின் நடுவே மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். மறுபடியும் இழுத்தாள்.

"தாயும் ஆட்டக்காரிதான் போல" என்று வரிசையில் யாரோ சொன்னார்கள்.

பின்னேரம் குழுவின் வாகனங்கள் வெளியே வந்தன. ஒதுங்கச் சொன்னார்கள். ஒதுங்கி நின்றோம்.